ரொறன்ரோவில் குடும்பமாக வெளியே போக: சைக்கிள், ஓட்டம், பேஸ்போல்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வெளியில் நிம்மதியாகத் திரியக் கிடைப்பது மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நன்றியறிதல் நாள் வரையான ஐந்து மாதம்தான். பூங்காக் கழிப்பறைகள் பலவும் ஏறக்குறைய அந்தக் காலத்தில் மட்டுமே திறந்திருக்கும். ஜூலையில் இரவு 9 மணிவரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்தும் போகலாம். பெரிய செலவு இல்லை. ஆனால் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்து நாலு பேர் கிளம்பும்போது நாளைக் கெடுப்பவை சின்ன விஷயங்கள்தான்: படகில் ஏற்றாத சைக்கிள், மூடிய கழிப்பறை, ஏரிக்கரைக் குளிர். கூட்டத்தில் யாருடைய கால் சின்னதோ அவருடைய அளவுக்கே தூரத்தைத் தீர்மானியுங்கள். திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்.

சைக்கிள் வாங்குவது

பிள்ளைகளின் சைக்கிள் அளவு சில்லின் விட்டத்தில் சொல்லப்படும். 4 முதல் 6 வயதுக்கு 16 அங்குலம், 6 முதல் 9 வயதுக்கு 20, அதற்கு மேல் 24 என்பது பொதுக் கணக்கு. வயதைவிட உயரமே முக்கியம். சட்டத்துக்கு இருபுறமும் கால் போட்டு நிற்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். அடுத்த வருஷமும் ஓடட்டும் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது நம் வீட்டு வழக்கம். சட்டைக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரிவராது. பிரேக் பிடிக்க விரல் எட்டாத பிள்ளை முதல் இறக்கத்திலேயே விழும். சின்ன சைக்கிள்கள் பலவற்றில் மிதியைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அதில் பழகிய பிள்ளை 20 அங்குலத்துக்கு மாறும்போது, வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் கைப் பிரேக்கை அரை மணி நேரம் பழக்குங்கள்.

பெரியவர்களுக்கு முதல் கோடையில் பழைய சைக்கிளே போதும். வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள்: மிதி அச்சுக்குக் கீழே தொடர் இலக்கம் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள். சில்லைச் சுற்றிவிட்டால் பிரேக் கட்டையில் உரசாமல் ஓட வேண்டும். ரயர் ஓரத்தில் எத்தனை பிஎஸ்ஐ காற்று என்று அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த ரயர் குழியில் இறங்கும்போது ரியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். இங்கே புதியவர்களுக்கு வரும் பஞ்சர்கள் பலவும் இப்படித்தான். வாங்கியதும் தொடர் இலக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். களவு போனால் பொலிஸ் முதலில் கேட்பது அதைத்தான். கம்பிப் பூட்டை வெட்டியால் ஒரு நொடியில் அறுத்துவிடுவார்கள். யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, சட்டத்தையும் ஒரு சில்லையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

ஹெல்மெற்றை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டதன் வெடிப்பு வெளியில் தெரியாது. ஒன்ராறியோவில் 18 வயதுக்குட்பட்டவர்கள் அணிவது கட்டாயம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தெரிந்தே வெறுந்தலையோடு ஓட விடும் பெற்றோரும் பொறுப்பாளி. பெரியவர்களுக்குச் சட்டம் விலக்குத் தந்திருந்தாலும் அப்பா போடாததைப் பிள்ளை போடாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, காதைச் சுற்றி வார் வி எழுத்துப்போல, நாடிக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். தொப்பிபோலப் பின்னால் தள்ளிப் போட்டால் நெற்றி திறந்தே கிடக்கும்.

வீதிச் சட்டங்களில் பலர் தவறவிடுபவை சில. மணி அல்லது ஹோர்ன் இருக்க வேண்டும். மாலையில் சூரியன் மறைய அரை மணி முன்பிருந்து காலையில் உதித்து அரை மணி பின்வரை முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு அல்லது ஒளிதெறிப்பான் வேண்டும்; முன் கவையில் வெள்ளை, பின் கவையில் சிவப்பு ஒளிதெறி நாடாவும் ஒட்டியிருக்க வேண்டும். ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நடைபாதையில் ஓட முடியாது. பாதசாரிக் கடவையில் இறங்கி உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். ஸ்ரீற்கார் கதவு திறந்திருந்தால் 2 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்ரீற்கார் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சில்லு பள்ளத்தில் சிக்கித் தூக்கி எறியும், மழையில் இரட்டிப்பாக. குறுக்கே, செங்கோணத்தில் கடந்து பழகுங்கள். துப்பட்டாவையும் தளர்ந்த காற்சட்டைக் காலையும் சங்கிலிப் பக்கம் தொங்கவிடாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே ஓட்டுவது

ஸ்காபரோவில் தொடங்குபவர்களுக்கு போர்ட் யூனியன் ஏரிக்கரையைவிட நல்ல இடம் இல்லை. ரூஜ் ஹில் கோ ரயில் நிலையத்தில் இறங்கினால் பாதை பக்கத்திலேயே. மேற்கே ஹைலண்ட் கிறீக் ஆறு ஏரியில் விழும் இடம், கிழக்கே ரூஜ் கடற்கரை. நடுவே நாலு கி.மீ. அளவில் தளம் போட்ட சமதரை, வாகனம் வராது. ஆறு வயதுப் பிள்ளை போய்த் திரும்பலாம். ரூஜ் ஆற்றுப் பாலம் தாண்டினால் பிக்கரிங் பக்கம் உடனே ஏற்றம் வரும், சின்னவர்களோடு அங்கே திரும்பிவிடுங்கள். மேல்காற்று அடிக்கும் நாளில் முதலில் மேற்கே போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மே மாதத்தில் மார்க்கத்தில் 22 பாகையாக இருக்கும்போதே ஏரிக்கரையில் 15 இருக்கலாம். ஆளுக்கொரு ஜக்கெற் பையில் இருக்கட்டும்.

நகரப் பக்கம் என்றால் மார்ட்டின் குட்மன் பாதை, 56 கி.மீ. நீளம். வார இறுதி மத்தியானத்தில் ஹாபர்ஃபிரன்ட் பகுதியில் நெரிசல் தாங்காது. காலை 9 மணிக்கு முன் போங்கள், அல்லது கிழக்குக் கடற்கரைப் பகுதியில் தொடங்குங்கள். பூங்காப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 20 கி.மீ. ரொமி தொம்சன் பூங்கா ஏரிக்குள் 5 கி.மீ. நீளும், கார் கிடையாது, நாய்க்கும் அனுமதி இல்லை. உள்ளே கடையும் இல்லை, நிழலும் குறைவு. வார நாளில் மாலை 4 மணிக்குப் பிறகுதான் பொதுமக்களை விடுவார்கள். ஹை பார்க் வார இறுதிகளில் கார்களுக்கு மூடியிருக்கும், ஆனால் அது மேடு பள்ளமான இடம்.

ரொறன்ரோ தீவுக்கு ஜாக் லேற்றன் படகுத்துறையில் ஏற வேண்டும். கூட்டமான வார இறுதிகளில் சென்ரர் ஐலண்ட் படகில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள். தீவின் கிழக்கு முனைக்குப் போகும் வாட்ஸ் படகையோ மேற்கு முனைக்குப் போகும் ஹான்லன்ஸ் படகையோ பிடியுங்கள். கட்டணம் போகும்போது மட்டும். வாட்ஸில் இறங்கி மரப்பலகைப் பாதையில் மேற்கே ஓட்டி, 1808இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்து, ஹான்லன்ஸில் திரும்பும் படகு பிடித்தால் ஐந்தாறு கி.மீ. ஓட்டம் முடிந்துவிடும். ஹான்லன்ஸ் கடற்கரையின் ஒரு பகுதி உடையில்லாமலும் குளிக்க அனுமதிக்கப்பட்டது. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதே ஹான்லன்ஸ் முனையில் இருந்த மைதானத்தில்தான் 1914 செப்ரெம்பர் 5 அன்று புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் பேப் ரூத் தன் தொழில்முறை வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னை (கிறிக்கெற்றின் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார்.

ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவை) பஸ்ஸின் முன் தாங்கியில் இரண்டு சைக்கிள்தான் ஏறும், நாலு பேர் குடும்பத்துக்கு அது உதவாது. சுரங்க ரயிலில் வார நாட்களில் காலை 6:30 முதல் 10 வரையும் மாலை 3:30 முதல் 7 வரையும் சைக்கிளோடு ஏற முடியாது. வார இறுதியில் தடை இல்லை. ரிரிசியிலும் கோ ரயிலிலும் 12 வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம். பைக் ஷேர் வாடகைச் சைக்கிள் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே, ஹெல்மெற் தரமாட்டார்கள்.

சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று சேர்ந்து போகும்போது ஒன்று கவனியுங்கள்: பூங்காவில் 25 பேருக்கு மேல் கூடுவதானால் நகரசபையின் அனுமதி எடுக்க வேண்டும். நம்மவர்களின் சாதாரணப் பிறந்தநாளே அந்த எண்ணிக்கையைத் தாண்டும். தகவலுக்கு 311 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.

ரூஜ் பள்ளத்தாக்கில் புல்லுக்குள் இறங்கினால் உண்ணி ஏறும். லைம் நோயைக் கடத்தும் கருங்கால் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமயிர் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்புக் குறைவு. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 811க்கு அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார்.

ஓட்டம்

ஓட்டத்துக்குத் தேவை ஒரு நல்ல சப்பாத்து மட்டும். விரல் நுனிக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளந்து வாங்குங்கள். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். இப்படித் தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் 5 கி.மீ. வந்துவிடும்.

குடும்பமாக முதலில் கலந்துகொள்ள ரெறி ஃபொக்ஸ் ஓட்டமே பொருத்தம். ஒரு கால் இழந்த ரெறி ஃபொக்ஸ் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்க 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கி, 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். நோய் மீண்டும் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் நினைவாக 1981 முதல் ஒவ்வொரு செப்ரெம்பரும் நடக்கும் ஓட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. நடக்கலாம், சைக்கிளில் வரலாம், தள்ளுவண்டியோடும் வரலாம். பாடசாலையிலிருந்து பிள்ளை இரண்டு டொலர் கேட்டுக் கடிதம் கொண்டுவந்தால் பெரும்பாலும் இதற்குத்தான்.

கட்டணம் கட்டி ஓடும் பந்தயங்களில் பணம் திரும்பக் கிடைக்காது, இலக்கத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் கூடாது. இலக்கத் தாளை முதல் நாளே போய் எடுக்க வேண்டியிருக்கும். அதை நெஞ்சின் முன்பக்கம் நாலு ஊசியால் குத்துங்கள், மடிக்காதீர்கள்; நேரம் பதியும் துண்டு அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கும். நடப்பவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பது மரியாதை.

கோடையில் காட்டுத்தீப் புகை வரும் நாட்களில் காற்றுத் தரச் சுட்டெண்ணைப் பாருங்கள். 7க்கு மேல் போனால் ஓட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை வெளியே விளையாடவும் வேண்டாம்.

பேஸ்போல்

புளூ ஜேஸ் 1977இல் தொடங்கிய ரொறன்ரோ பேஸ்போல் அணி. 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்றது. 2025இல் அதே தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் கோட்டைவிட்டது. அதற்குப் பிறகு வேலையிடத்தில் இந்தப் பேச்சு இல்லாத நாளே அரிது.

கிறிக்கெற் தெரிந்தவர்களுக்கு விளங்காமல் போகும் இடம் ஒன்றுதான்: அடிக்கும் பந்து முன்னாலுள்ள இரண்டு கோடுகளுக்குள், 90 பாகை விரிவுக்குள் போக வேண்டும். நாம் கை தட்டும் லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல். அடிக்கத் தவறினாலோ, அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ அது ஒரு ஸ்ரைக். ஃபவுலும் ஒரு ஸ்ரைக்காகக் கணக்கில் சேரும், ஆனால் இரண்டு ஸ்ரைக்குக்குப் பிறகு அடிக்கும் ஃபவுல் சேராது. அதனால்தான் ஒரே ஆள் பத்துப் பந்து நிற்பதைக் காண்பீர்கள். ஃபவுலைப் பிடித்தாலும் அவுட்தான். மூன்று ஸ்ரைக் என்றால் அவுட். அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்து வந்தால் முதல் பேஸுக்கு (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் மூலை) நடந்து போகலாம். கோட்டுக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும், நின்று பார்க்க முடியாது. அவர் போய்ச் சேருமுன் பந்து முதல் பேஸில் நிற்பவர் கைக்கு வந்தால் போதும், தொட வேண்டியதில்லை. மூன்று அவுட்டுக்கு அணி மாறும். அவுட் ஆனவர் ஒன்பது பேர் வரிசையில் திரும்ப வருவார். சமநிலை கிடையாது, ஒன்பது இன்னிங்ஸில் முடியாவிட்டால் தொடரும். பந்து வீச நேர வரம்பு வைத்த 2023க்குப் பிறகு ஆட்டம் இரண்டரை மணி நேரம் அளவில் முடிகிறது.

ரிக்கற் விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஏப்ரல், மே மாத வார நாட்கள் மலிவு; நியூயோர்க் யாங்கீஸ் அணி வரும் சனிக்கிழமை விலை அதிகம். ரிக்கற் தொலைபேசியில்தான் வரும். வாசலில் யாராவது தாளை நீட்டினால் வாங்காதீர்கள். ஆட்டம் நடக்கும் ரோஜர்ஸ் சென்ரர் மைதானத்தில், 500 என்று இலக்கமிட்ட மலிவான மேல்தளம் செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. புளூ ஜேஸ் வீரர்கள் அமர்வது மூன்றாம் பேஸ் பக்கம். யூனியன் நிலையத்திலிருந்து ஸ்கைவோக் என்ற மூடிய நடைபாதை வழியாகப் போனால் ஏப்ரல் குளிரில் பெரும்பாலும் உள்ளேயே நடந்து போகலாம். சோற்றுப் பொதியோ றோல்ஸோ பொதியில் சுற்றிக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் போத்தலும் ரின்னும் கூடாது. ஹொட் டோக் வாங்குமுன் எந்த இறைச்சி என்று கேளுங்கள். இருக்கைக்குப் பறந்து வரும் பந்தைப் பிடித்தவர் வீட்டுக்கே கொண்டு போகலாம், திருப்பி எறிய வேண்டியதில்லை. அந்தப் பந்து வேகமாக வரும். முன்வரிசையில் இருந்தால் கைபேசியைக் கீழே வையுங்கள்.

காசில்லாமல் பார்க்க வேண்டுமானால் கிறிஸ்டி பிட்ஸ் பூங்கா. 1969 முதல் ஆடிவரும் மேப்பிள் லீஃப்ஸ் பேஸ்போல் அணியின் கோடை ஆட்டங்களைப் புல்மேட்டில் பாய் விரித்துப் பார்க்கலாம். கிறிஸ்டி சுரங்க ரயில் நிலையம் எதிரிலேயே. 1933 ஓகஸ்ட் 16 அன்று இங்கே நடந்த ஒரு பேஸ்போல் ஆட்டத்துக்குப் பிறகு, யூத இளைஞர்களைச் சீண்ட நாசிச் சின்னம் வரைந்த போர்வை விரிக்கப்பட்டதால் பெரிய கலவரம் மூண்டது. நினைவுப் பலகை உண்டு.

பிள்ளையே ஆட ஆசைப்பட்டால் முதலில் கையுறை. பந்து எறியும் கைக்கு அல்ல, மற்றக் கைக்கு. வலக்கையால் எறியும் பிள்ளைக்கு இடக்கையில் போடும் கையுறை வேண்டும். கடையில் இது மாறிப் போவது வழக்கம். ஐந்தாறு வயதுக்கு 9 முதல் 10 அங்குலம், பத்து வயதுக்கு 11. புதுத் தோல் விறைப்பாக இருக்கும், பந்தை உள்ளே வைத்துக் கட்டி இரவில் விட்டால் மடியும். சின்னவர்கள் கம்பத்தில் வைத்த பந்தை அடிக்கும் ரீ-போலில் தொடங்குவார்கள். கோடைக் கழகங்களின் பதிவு பனி கிடக்கும்போதே, ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடக்கும். மே மாதம் கேட்டால் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் போடுவார்கள்.