எம்எல்ஏ அலுவலகத்திலிருந்து மின்சாரக் கொள்கை வேலைக்கு: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்எல்ஏ, எம்பி அலுவலகத்தில் இரண்டு மூன்று வருடம் மனு வாங்கி, கடிதம் அடித்து, சபைக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதை நிறையப் பார்க்கிறேன். ஒன்று கட்சியில் பொறுப்பு கேட்பார்கள், இல்லையென்றால் டிஎன்பிஎஸ்சி புத்தகத்தைத் திறப்பார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. காற்றாலை, சோலார், மின்கட்டணம் மாதிரி விஷயங்களில் ஒரு சங்கத்துக்காகவோ நிறுவனத்துக்காகவோ நுகர்வோர் அமைப்புக்காகவோ அரசிடமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் பேசுகிற வேலை. அமெரிக்காவில் லாபியிஸ்ட் என்பார்கள். இங்கே விசிட்டிங் கார்டில் கொள்கை ஆலோசகர் என்று போட்டிருக்கும். நான் அந்த வழியில் வந்தவன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நேராகவே சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, பிரச்சினை வாசலிலேயே கிடக்கிறது. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று அடிக்கிற மாதங்களில் முப்பந்தல் காத்தாடிகள் சுற்றுவதைப் பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்க்கிறோம், அதற்குப் பின்னால் ஓடுகிற வழக்கு பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக் காத்தாடிகளில் பல நூற்பாலைகளுக்குச் சொந்தம். மில் வருடம் முழுக்க ஓடும், காற்றோ வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். அதனால் மிஞ்சுகிற யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்கிறார்கள், இதைத்தான் பேங்கிங் என்பது. நீங்கள் தரும்போது எங்களிடம் ஏற்கெனவே மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும், நீங்கள் திருப்பிக் கேட்கும்போது நாங்கள் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருப்போம் என்பது வாரியத்தின் வாதம். இந்த வசதியை நம்பித்தானே முதல் போட்டோம் என்பது மில்காரரின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அது வராதவரை யாரும் உங்களை இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள்.

முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதைச் சரியாகப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. குளச்சல் பக்கம் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறவர் கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு எம்எல்ஏவிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடனே அமைச்சருக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுப்பீர்கள், ஒப்புகை வரும், அதோடு சரி. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64ஐ எடுத்துப் படியுங்கள்: கட்டண மனுவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும், வருகிற ஆட்சேபங்களைப் பரிசீலித்துத்தான் ஆணையம் உத்தரவு போட வேண்டும், மனு கிடைத்ததிலிருந்து 120 நாளுக்குள். அரசு ஒரு பிரிவினருக்குச் சலுகை தர நினைத்தால் பிரிவு 65ன்படி அந்தத் தொகையை வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆக ஐஸ் பிளாண்ட்காரருக்கு இரண்டு கதவு இருக்கிறது. ஆணையத்தில் ஆட்சேபம், அதற்குக் கெடு உண்டு. அரசிடம் மானியம், அதற்குச் சரியான நேரம் பட்ஜெட்டுக்கு முன்னால். கெடு முடிந்தபிறகு எவ்வளவு பெரிய ஆள் சிபாரிசு செய்தாலும் பலன் சொற்பம்தான்.

சபைக்குக் கேள்வி எழுதிய பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும், ஆனால் நன்றாக எழுதிப் பழகியிருக்க வேண்டும். "காற்றாலை மின்சாரம் வீணாவதைத் தடுக்க அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டால் "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஆரல்வாய்மொழிப் பகுதித் துணைமின் நிலையங்களோடு இணைந்த காற்றாலைகளுக்குக் கடந்த இரண்டு நிதியாண்டுகளில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன நேரம் எவ்வளவு, மாதவாரியாக? ஒவ்வொரு முறையும் பதிவான காரணம் என்ன?" இதற்கு எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல முடியும், அந்த எண் அடுத்த பத்து வருடத்துக்கு எல்லோருக்கும் பயன்படும். எரிசக்தித் துறை தன் செலவுக்குச் சபையில் பணம் கேட்கிற மானியக் கோரிக்கையன்று வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு, கணக்காய்வு அறிக்கை, பொது நிறுவனங்கள் குழுவின் அறிக்கை, இந்த மூன்றையும் வருடாவருடம் சேர்த்து வையுங்கள். கிடைக்காததற்கு ஆர்டிஐ.

குறிப்பு எழுதுவதும் அப்படித்தான். எம்எல்ஏ கல்யாண வீட்டிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குக் காரில் போகும்போது படிப்பார். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். முதல் வரியில் கோரிக்கை, அடுத்து அது எந்தப் பிரிவின் கீழ் யாருடைய அதிகாரத்தில் வருகிறது, பிறகு அரசுக்கு என்ன செலவு, கடைசியில் மறுதரப்பு என்ன சொல்லும். செலவை மறைத்து ஒரு குறிப்பு கொடுத்தீர்களானால் அதிகாரி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் உங்கள் காகிதம் மேஜையில் ஏறாது.

பணம், பரிசு விஷயத்தில் கறாராக இருங்கள். அமெரிக்காவில் 1995ன் சட்டப்படி லாபியிஸ்ட் தன் பெயரைப் பதிந்து, யாருக்காகப் பேசுகிறார் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அப்படிப் பதிவுச் சட்டம் எதுவும் இல்லை, அதனால் எல்லைக் கோட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்பிக்கள் பதவி இழந்தார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதே ஊழல் தடுப்புச் சட்டத்தில் நேரடிக் குற்றம். சபையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கிய உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. யாரைப் பார்த்தாலும் யாருக்காக வந்திருக்கிறேன், யார் சம்பளம் தருகிறார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய அலுவலகத்து ஃபைலின் நகல் ஒன்றுகூட உங்கள் பையில் இருக்கக் கூடாது. அங்கே நீங்களே கையாண்ட விவகாரத்தைப் புதிய முதலாளிக்காக எடுக்கவும் வேண்டாம், நல்ல சம்பளம் சொன்னாலும்.

எனக்கு ரொம்பவே முக்கியமாகப் படுகிற ஒன்று, யாருக்கு ஆலோசகர் வைத்துக்கொள்ள வசதி இல்லையோ அவர்களையும் தேடிப்போய்க் கேட்பது. கடலில் காற்றாலை வைக்கிற திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது, குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. நல்ல திட்டம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கம்பம் நடுகிற இடத்தில் வலை போடலாமா, கேபிள் போகிற பாதையில் இழுவைப் படகு ஓடலாமா, படகு எந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும், டீசல் செலவு யார் தலையில் என்பதையெல்லாம் கரையில் உட்கார்ந்து கேட்காமல் அறிக்கை எழுதுகிறவர் கம்பெனிக்கும் உதவவில்லை, ஊருக்கும் உதவவில்லை. சின்னமுட்டத்திலோ முட்டத்திலோ மீன் ஏலம் முடிந்தபிறகு போய்ப் பேசுங்கள், கூட்டம் போட்டு மைக்கில் பேசினால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும் முன்னாடியே தகவல் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

இனி நுழைவது எப்படி. பொறியியல் பட்டம் கட்டாயம் இல்லை, சட்டம், பொருளாதாரம், வணிகவியல் எதுவானாலும் சரி, ஆனால் யூனிட்டுக்கும் மெகாவாட்டுக்கும் வித்தியாசம், வீலிங் (மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோவது), ஓபன் ஆக்சஸ் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்தி வேறு ஒருவரிடமிருந்து மின்சாரம் வாங்குவது) இதெல்லாம் தடுமாறாமல் விளக்கத் தெரிய வேண்டும். சட்டமன்ற அனுபவமே இல்லாதவர்களுக்கு டெல்லியில் எம்பி ஒருவரிடம் வேலை பார்க்க வைக்கிற லேம்ப் ஃபெலோஷிப் இருக்கிறது, நாடாளுமன்ற, சட்டமன்ற வேலைகளை ஆராய்கிற பிஆர்எஸ் என்ற அமைப்பு நடத்துகிறது. சென்னையில் ஆணையமும் தலைமைச் செயலகமும் இருப்பதால் முதல் சில வருடம் அங்கேதான், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய்வந்து சமாளிக்க முடியாது.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒரு நல்ல மாதிரி வேலையைச் சேர்த்து அனுப்புங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் காற்றாலைக் கட்டண உத்தரவு ஒன்றை இறக்குங்கள். யார் யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், ஆணையம் ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொன்னது என்று அதில் விவரமாக இருக்கும். எந்த வாதம் எடுபட்டது, எது ஒரே வரியில் தள்ளப்பட்டது, ஏன் என்று இரண்டு பக்கத்தில் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதுங்கள். ஆள் தேடுகிற சங்கத்துக்காரர் பயோடேட்டாவைப் புரட்டுவதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்.