கொலைகாரனைப் பாதியிலேயே கண்டுபிடித்தால் நாவல் மோசமா? கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், இரண்டு நட்சத்திரம்தான்." சஸ்பென்ஸ் நாவல்களுக்கு வரும் வாசகர் கருத்துகளில் அதிகம் கண்ணில் படும் வரி இது. எழுதியவர் கெட்டிக்காரர் என்பது தெரிகிறது, சரி. நாவல் எப்படி இருந்தது?

முடிவை ஊகிக்க முடிந்ததையே குறையாகச் சொல்வதுதான் இந்த வகைக் கருத்துகளில் முதல் தவறு. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் பேசும்போது, சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொன்னார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. இருப்பது முன்பே தெரிந்தால், அங்கே நடக்கும் வெட்டிப்பேச்சுகூட 15 நிமிடப் பதற்றமாகிவிடும். தெரியாததால் மட்டும் சஸ்பென்ஸ் வருவதில்லை. ஆகவே, விஷயம் தெரிந்த பிறகும் பக்கங்களைப் புரட்ட வைத்ததா, இல்லை அங்கேயே சுவாரசியம் செத்துவிட்டதா என்று எழுதுங்கள். அடுத்து வாங்க நினைப்பவருக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. துப்பறியும் கதைக்கு ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. இந்தக் கணக்கில் பார்த்தால், உங்களால் ஊகிக்க முடிந்ததே எழுத்தாளர் நேர்மையாக ஆடியதற்கு அடையாளமாக இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து 'இவர்தான் கொலைகாரர்' என்று நிறுத்தும் நாவலைத்தான் உண்மையில் திட்ட வேண்டும். ஆனால் 'யாராலும் யூகிக்க முடியாத ட்விஸ்ட்' என்று அதற்குத்தான் பாராட்டு குவிகிறது!

ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவைப் போட்டு உடைக்கும் விஷயத்தில் பெரும்பாலோர் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். "கடைசி ட்விஸ்ட்டை எதிர்பார்க்கவே மாட்டீங்க" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைப் படித்தவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். பின்னட்டையில் இருப்பதும் முதல் சில அத்தியாயங்களில் நடப்பதும் போதும், அதைத் தாண்ட வேண்டாம். முடிவு தெரிந்தாலும் ரசனை குறையாது என்று வாதாடுபவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வைக் காட்டுவார்கள். முடிவை முன்பே அறிந்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்றது அது. ஆனால் அதில் படிக்கக் கொடுத்தவை சிறுகதைகள். 400 பக்க நாவலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அப்புறம், முடிவைத் தெரிந்துகொண்டு படிப்பதா வேண்டாமா என்பது படிப்பவரின் விருப்பம், நம்முடையது அல்ல.

ஹாரருக்கு வந்தால், "பயமே வரல" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எந்தப் பயம்? ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1826-இல் வெளியான அவருடைய கட்டுரை பயத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஏதோ வரப்போகிறது என்று புலன்களை விழிக்க வைப்பது ஒன்று, கண்ணெதிரே பார்த்து உறைந்துபோக வைப்பது மற்றொன்று. மூடிய கதவை வைத்தே மிரட்டும் நாவலில் ரத்தத்தைத் தேடி ஏமாந்துவிட்டு அதைச் சுமார் என்பது அநியாயம். படித்த விதத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நடுநடுவே போனைப் பார்த்துக்கொண்டு பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தால் எந்தப் பேயும் பயமுறுத்தாது. குழந்தைகள், விலங்குகள் மீதான கொடுமை, பாலியல் வன்முறை போன்றவை கதையில் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். எந்த இடத்தில், யாருக்கு என்று சொல்லாதவரை அது ஸ்பாய்லர் ஆகாது.

உணர்ச்சிகரமான நாவல்களில் அளவுகோல் கண்ணீராகிவிடுகிறது. "அழுதுட்டேன், ஐந்து நட்சத்திரம்." நோயில் வாடும் குழந்தையையும் செத்துப்போகும் நாயையும் காட்டினால் கல் நெஞ்சமும் கரையும், அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. அந்தப் பாத்திரம் இறப்பதற்கு முன் எப்படி வாழ்ந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? அழ வைப்பதற்கென்றே கதைக்குள் வந்த பாத்திரம் என்றால் இருமல், மருத்துவமனை, மரணம் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. புத்தகத்தை மூடிய கையோடு மதிப்பெண் போடாமல் ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தானாகவே தெரியும். உங்கள் சொந்த இழப்பைக் கதை தொட்டுவிட்டது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்கள் கண்ணீரில் கதைக்கு எவ்வளவு பங்கு என்று படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மற்றவை சின்னச் சின்னத் தவறுகள். நாயகியைப் பிடிக்கவில்லை என்பதற்காக நாவலே மோசம் என்பது. பாத்திரம் பேசும் வக்கிரத்தை எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொள்வது. முக்கால்வாசி இடத்தில் கதைச் சுருக்கத்தை எழுதிவிட்டு, கடைசியில் 'நன்று' என்பது. பார்சல் கசங்கி வந்த கோபத்தில் கதைக்கு ஒரு நட்சத்திரம் தருவது. பாதியில் கைவிட்ட நாவலைப் பற்றி எழுதக் கூடாது என்றில்லை, தாராளமாக எழுதலாம். எத்தனையாவது பக்கத்தில், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.