டெல்லியில ஒரு காரியம் ஆகணுமா? மாநில அரசு காய் நகர்த்துறது எப்படின்னு பாப்போம்

முதல்வர் பிரதமரைப் பாத்து மனு கொடுக்குற போட்டோ வந்தா போதும், "ஆச்சு, காசு வந்துரும்"னு ஒரு கோஷ்டி, "சும்மா போட்டோவுக்குப் போனாரு"ன்னு இன்னொரு கோஷ்டி, ரெண்டும் அடிச்சுக்கும். அந்த போட்டோவுக்கு முன்னாடி ஆறு மாசமா நடக்க வேண்டிய வேலை நடந்துச்சான்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா காரியம் ஆகுறதும் கெடுறதும் அங்கதான். எம்பி, எம்எல்ஏ ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்க, பாலிசி வேலைக்கு வர்ற பசங்க, இவங்களை மனசுல வச்சுதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த விஷயம் யார் கையில இருக்குன்னு பாருங்க. எதுல யார் சட்டம் போடலாம்னு அரசியல் சாசனம் பிரிச்சு வச்சிருக்கு: மத்தியப் பட்டியலா, மாநிலப் பட்டியலா, இல்ல ரெண்டு பேருக்கும் பொதுவான பொதுப் பட்டியலா? பொதுப் பட்டியல்ல ஏற்கனவே மத்திய சட்டம் இருந்து, நம்ம சட்டம் அதோட மோதும்னா ஜனாதிபதி ஒப்புதல் இல்லாம நிக்காது. ஜல்லிக்கட்டு விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்தா இது புரியும். 2017 ஜனவரி 19 அன்னைக்கு அப்போதைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பிரதமரைப் பாத்தாரு, விஷயம் கோர்ட்ல இருக்குன்னு பதில் வந்துச்சு. மனுஷன் வெறுங்கையோட ஊர் திரும்பல. மிருகவதைத் தடைச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தமா ஒரு அவசரச் சட்ட வரைவை ரெடி பண்ணி உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பினாங்க, அங்கேருந்து சட்டம், சுற்றுச்சூழல்னு ஃபைல் சுத்தி ஒப்புதலோட வந்துச்சு, 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டசபையில மசோதா. மெரினாவுல கூட்டம் இல்லன்னா இவ்ளோ வேகம் வந்திருக்காது, அது உண்மைதான். ஆனா அந்த வேகத்தைப் பயன்படுத்திக்க கையில ஒரு வரைவு வேணும்ல. "ஏதாவது பண்ணுங்க"ன்னு போய் நிக்காதீங்க, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன வார்த்தை மாறணும்னு எழுதியே எடுத்துட்டுப் போங்க.

அடுத்தது டெல்லியில ஃபைலைத் தொரத்த ஆள். தமிழ்நாடு இல்லம் வெறும் தங்குற இடம் இல்ல, அங்க உறைவிட ஆணையர் (ரெசிடென்ட் கமிஷனர், டெல்லியில மாநில அரசு வேலையைப் பாக்குற அதிகாரி) இருக்காரு, மாநில அரசோட சிறப்புப் பிரதிநிதியும் இருக்காரு, ஃபைல் எந்த ஜாயின்ட் செக்ரட்டரி டேபிள்ல தூங்குதுன்னு கண்டுபிடிக்கிறது இவங்க வேலை. அப்புறம் நம்ம பக்கத்து ஓட்டையை அடைங்க. யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்னு ஒண்ணு இருக்கு, போன தவணைக் காசை செலவு பண்ணிட்டோம்ங்கிறதுக்கு ஆதாரம். அது போகலன்னா அடுத்த தவணை வராது, நம்ம எம்பி பார்லிமென்ட்ல ஆவேசமா கேள்வி கேட்டா "உங்க மாநிலம் இன்னும் சர்டிஃபிகேட் அனுப்பல"ன்னு ஒத்தை வரியில வாயை அடைச்சுருவாங்க. கேள்வி கொடுக்குறதுக்கு முன்னாடி நம்ம மாநிலத் துறைச் செயலர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்கிறது நல்லது.

இப்ப முக்கியமான விஷயம், துணைக்கு ஆள் சேக்குறது. தனி மாநிலம் கத்தினா அது "அரசியல்", நாலு மாநிலம் சேர்ந்து கத்தினா அது "மாநிலங்களின் கவலை". 1983 மார்ச்ல கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே தென் மாநில முதல்வர்களை பெங்களூர்ல கூட்டினாரு, சில நாள்லயே இந்திரா காந்தி மத்திய-மாநில உறவை ஆராய சர்க்காரியா கமிஷனை அறிவிச்சாங்க. 2018ல 15வது நிதிக்குழு (மத்திய வரியில எந்த மாநிலத்துக்கு எவ்ளோன்னு பரிந்துரைக்கிற குழு) 2011 மக்கள்தொகையைக் கணக்குல எடுக்கும்னு வந்தப்போ, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தின தென் மாநிலங்களுக்குப் பங்கு குறையும்னு கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் திருவனந்தபுரத்துல தென் மாநில நிதியமைச்சர்கள் கூட்டம் போட்டாரு. இதுல ரொம்ப அடி வாங்கப் போற தமிழ்நாடே அன்னைக்குப் போகல, இப்ப நினைச்சாலும் எரிச்சல்தான். அடுத்த கூட்டம் அமராவதியில, அதுக்கு மேற்கு வங்கம், பஞ்சாப், டெல்லியும் வந்தாங்க. கடைசியில நிதிக்குழு சூத்திரத்துல மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தினதுக்குன்னு 12.5% வெயிட்டேஜ் வந்துச்சு. இந்தக் கூட்டங்களால மட்டும்தான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சத்தமே போடாம இருந்திருந்தா அது எவ்ளோ சின்னதா இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. இன்னொண்ணு, உங்க கூட்டணி ஆளுங்களை மட்டும் கூப்பிட்டா அது கட்சிக் கூட்டம் ஆயிரும். மத்தியில ஆளுற கட்சியோட மாநிலம் ஒண்ணு வெளிய வரலன்னாலும் உள்ளுக்குள்ள தலையாட்டினா போதும், அதுக்கு அவங்க அதிகாரிங்ககிட்ட பேசுங்க, மந்திரிங்ககிட்ட இல்ல.

ஜிஎஸ்டி வரியை மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து முடிவு பண்ற ஜிஎஸ்டி கவுன்சில்ல, துணைக்கு ஆள் சேக்குற இந்தக் கணக்கு அப்பட்டமாத் தெரியும். மத்திய அரசு ஓட்டோட எடை மூணுல ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூணுல ரெண்டு பங்கு, முடிவு எடுக்க நாலுல மூணு பங்கு வேணும். அதாவது மத்திய அரசு வேணாம்னா ஒண்ணும் நடக்காது, அதே சமயம் மாநிலங்கள், சட்டசபை உள்ள யூனியன் பிரதேசங்கள்னு 31 பேரும் வந்து ஓட்டு போட்டாங்கன்னா 12 மாநிலம் சேர்ந்து எதையும் நிறுத்தலாம். ஆனா ஓட்டெடுப்புன்னு ஒண்ணு முதல் தடவையா நடந்ததே 2019 டிசம்பர்ல லாட்டரி வரிக்குத்தான், மத்ததெல்லாம் பேசித் தீர்த்ததுதான். அப்போ வேலை எங்க நடக்குது? எந்தப் பொருளுக்கு எவ்ளோ வரின்னு பரிந்துரைக்க அதிகாரிங்க உக்காருற ஃபிட்மென்ட் கமிட்டியில, அமைச்சர்கள் குழுவுல. அந்தக் குழுவுல இடம் பிடிங்க, கவுன்சில் கூட்டத்துல எழுந்து ஒரு மணி நேரம் பேசுறதை விட அது மேல்.

எல்லாத்துக்கும் டெல்லி போகணும்னும் இல்ல. மாநிலத்துக்கு மாநிலம் பஸ் விடுறது ரெண்டு அரசும் போடுற ஒப்பந்தம்தான். கிருஷ்ணா தண்ணி சென்னைக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம்: 1976ல மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆளுக்கு 5 டிஎம்சி தர ஒத்துக்கிட்டாங்க, 1983ல ஆந்திராவோட ஒப்பந்தம், மொத்தம் 15ல ஆவியாப் போறது போக எல்லையில 12 டிஎம்சி, தண்ணி வந்து சேர்ந்தது 1996. காவிரியில மல்லுக்கட்டுற அதே கர்நாடகா இதுக்கு எப்படி ஒத்துக்கிச்சு? கேட்டது பாசனத்துக்கு இல்ல, குடிதண்ணிக்கு, அதுவும் மூணு பேரும் சமமாக் குடுக்குற மாதிரி. மறுக்கக் கூச்சப்படுற மாதிரி கேக்குறதும் ஒரு வித்தைதான். பக்கத்துப் பக்கத்து மாநிலங்க சேர்ந்து உக்காருற மண்டல கவுன்சில்னு ஒண்ணும் இருக்கு, அதுக்கு உள்துறை அமைச்சர்தான் தலைவர், ஆனா அதுக்குக் கீழ தலைமைச் செயலாளர்கள் உக்காருற நிலைக்குழுவுல எல்லைத் தகராறு, பாக்கிப் பணம் மாதிரி சில்லறைப் பிரச்சனை நிறைய முடிச்சுக்கலாம்.

எதுவும் நடக்கலன்னா கடைசியா அரசியல் சாசனத்தோட 131வது பிரிவு, மத்திய-மாநில வழக்குக்கு நேரா சுப்ரீம் கோர்ட். தீர்ப்பு வந்துரும்னு நம்பிப் போகாதீங்க, பேச்சுவார்த்தைக்கு இழுத்துட்டு வர்றதுக்குப் போங்க. மாநிலம் வாங்கலாம்ங்கிற கடன் வரம்பை மத்திய அரசு குறைச்சதுக்கு கேரளா 2023 டிசம்பர்ல வழக்கு போட்டுச்சு, உக்காந்து பேசுங்கன்னு கோர்ட் சொல்லுச்சு, வழக்கை வாபஸ் வாங்கினா 13,608 கோடிக்கு அனுமதி தர்றோம்னு மத்திய அரசு சொன்னப்போ அந்த நிபந்தனை சரியில்லன்னு நீதிபதிகளே சொல்லி அந்த அனுமதி கிடைச்சுச்சு. 2024 ஏப்ரல்ல, மாநிலக் கடனுக்கு மத்திய அரசு இப்படி வரம்பு போடலாமாங்கிற மெயின் கேள்வி அரசியல் சாசன அமர்வுக்குப் (அஞ்சு நீதிபதிகள் உக்காருற பெரிய அமர்வு) போயிருச்சு. கோர்ட்டுக்குப் போற நிலைமை வரும்னு வச்சுக்கிட்டு முதல் லெட்டர்லேருந்தே தேதி, நம்பர், வந்த பதில், வராத பதில், மீட்டிங் மினிட்ஸ்ல நம்ம ஆட்சேபனை பதிவாகியிருக்கான்னு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க, மினிட்ஸ்ல விட்டிருந்தா அந்த வாரமே திருத்தக் கேட்டு எழுதுங்க, அப்புறம் வக்கீல் கேக்குறப்போ ஆபீஸ் ஆபீஸா அலைய முடியாது.