பழைய கிறைண்டரில் பிளேனர் அலகு சாணை பிடிப்பது

பனஞ்சலாகை சீவுகிற பிளேனரின் (மரம் சீவும் மெசினின்) அலகு கெதியாக மழுங்கும். பனையின் கறுத்த வைரநார் அப்படி. பாலையும் முதிரையும் அதற்கு அடுத்தபடி. சீவல் சுருளாக விழாமல் தூளாக விழுந்தாலோ, பலகையில் எரிந்த கோடு தெரிந்தாலோ அலகைக் கழற்றிவிடுங்கள். இன்னும் ஒரு கிழமை இழுத்தால் கல்லுக்குத் தின்னக் கொடுக்கிற இரும்புதான் கூடும்.

மரக்காலை மூலையில் கிடக்கும் பழைய கிறைண்டர் இதற்குத் தாராளம். இரண்டு தண்டில் மோட்டர் வழுக்கி, கிண்ணக்கல் அலகின் நீளத்துக்கு ஓடுகிற வகையைச் சொல்கிறேன். முதலில் அதன் பெயர்த்தகட்டைப் படியுங்கள். 115 வோல்ற் என்றிருந்தால் டிரான்ஸ்போமர் இல்லாமல் எங்கள் 230இல் செருகக்கூடாது. காபன் பிறஷ் உள்ள மோட்டருக்கு 50, 60 ஹேர்ட்ஸ் வித்தியாசம் பொருட்டில்லை. பிறஷ் இல்லாத 60 ஹேர்ட்ஸ் மோட்டரோ, நிமிடத்துக்கு 3450 சுற்று என்று எழுதியிருந்தாலும் இங்கே ஏறத்தாழ 2850தான் ஓடும், சூடும் ஏறும். அடிக்கடி ஆறவிட வேண்டும். வயர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். உடம்பு இரும்பென்றால் எர்த் கட்டாயம். கல் பூட்டும் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் போய்விட்டது, அலகில் அலை அலையாக விழும்.

ஹைஸ்பீட் ஸ்டீல் அலகுக்கு 60 அல்லது 80 இலக்க (மணலின் நுண்மை) வெள்ளை அலுமினியம் ஒக்சைட் கல், அதுவும் மென்மையான ரகம். கடினமான கல் மழுங்கிய மணலை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு அலகை எரிக்கும். கல்லில் போட்டிருக்கும் உச்சச் சுற்று மோட்டரின் சுற்றுக்குக் குறையக்கூடாது. பூட்டமுன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, 'டொக்' என்றால் உள்ளே வெடிப்பு, எறிந்துவிடுங்கள். காபைட் அலகுக்கு இந்தக் கல் சரிவராது, வைரக்கல் வேண்டும்.

வைரமான மரங்களுக்கு 40 பாகைச் சாய்வு நிற்கும். மலைவேம்பு போன்றவைக்கு 35 போதும். பாகைமானி இல்லையா? 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலகில் சாய்முகத்தின் (சாணை பிடிக்கிற சரிவான முகத்தின்) அகலம் 4.7 மில்லிமீற்றர் என்றால் 40 பாகை, 5.2 என்றால் 35.

சாய்முகம் முழுக்க மார்க்கர் பேனையால் பூசி, கல்லை ஒருமுறை தொட்டும் தொடாமலும் ஓட்டிப் பாருங்கள். மை கூர் விளிம்பில் மட்டும் அழிந்தால் சாய்வு கூடிவிட்டது, குதிப்பக்கம் (கூருக்கு எதிர்ப்பக்கம்) மட்டும் அழிந்தால் குறைந்துவிட்டது. அகலம் முழுக்க அழியும்வரை அலகுத் தாங்கியைத் திருத்துங்கள். பிறகு கல்லை ஓட்டத்துக்கு 0.02 மில்லிமீற்றர், அதற்குமேல் இறக்காதீர்கள். ஓர் அலகை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது பிழை. ஒரே இறக்கத்தில் எல்லா அலகையும் ஓட்டி, பிறகுதான் அடுத்த இறக்கம். கடைசியில் இறக்காமலே பொறி அடங்கும்வரை இரண்டு மூன்று ஓட்டம்.

நீலம் பாய்ந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். சுட்ட அலகைத் தண்ணீரில் முக்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, ஓடும்போது துண்டு பறக்கும். காற்றில் ஆறட்டும்.

வேனியர் அளவுகோலால் ஒவ்வோர் அலகின் இரு முனையிலும் அகலத்தை அளந்து, நிறுத்தும் பாருங்கள். சமையல் தராசு போதாது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைத் தராசில் வைக்கக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சரியான எடை அங்கேதான் தெரியும். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசமென்றால் பாரமானதை வெட்டாத விளிம்பில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் மெசின் அதிரும், பெயரிங் சாகும்.

கூரில் ஒட்டி நிற்கும் பிசிறை எண்ணெய்க்கல்லில் எடுங்கள்: சாய்முகத்தில் நாலைந்து இழுவை, முதுகுப்பக்கம் கல்லோடு படுக்கவைத்து ஒன்று.

இதெல்லாம் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் செய்கிற வேலையல்ல. பொறி தூளுக்குள் புகைந்து இரவில்தான் பிடிக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள். உடனே பூட்டாத அலகுக்கு மெசின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு ஒரு மாரி போதும், கூர் துருப்பிடிக்க. தேங்காயெண்ணெய் இதற்கு வேண்டாம்.