கொல்லை வேம்பை மேஜையாக்குவதற்கு முன்

காரைக்குடிப் பக்கம் கொல்லையில் ஒரு மரம் சாய்ந்தால் விறகுக்காரர் வந்து நிற்க அரை நாள் ஆகாது. எனக்கு உளியும் இழைப்புளியும் கொஞ்சம் பழக்கம். அதனால் 4 வருடத்துக்கு முன், சித்திரையில் ஒரு கோடை மழைக் காற்றில் எங்கள் வேம்பு விழுந்தபோது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அறுத்துப் பலகையாக்கி மேஜை செய்வதாகத் திட்டம். கடைசியில் அந்த மரத்தில் பாதிக்கு மேல் அவரிடமே போய்ச் சேர்ந்தது, அதுவும் விறகு விலைக்கு. எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும், அப்புறம் பூவரசு, மா என்று அறுத்துப் பார்த்ததில் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்தது, தடியை அப்படியே போட்டுவைத்தது. முழுசாகக் காயட்டும், பிறகு அறுக்கலாம் என்ற நினைப்பு. மரத்திலுள்ள ஈரம் பக்கவாட்டில் மெதுவாகத்தான் வெளியேறும். வெட்டுமுகத்தின் வழியாகப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈரக்கட்டை விடாது, அந்த இழுபறியில் மரம் வெடிக்கும். ஆடியில் போய்ப் பார்த்தால் இரண்டு முனையிலும் ஒரு அடி ஆழத்துக்கு, விரல் நுழைகிற வெடிப்பு. 7 அடித் தடி 5 அடியாகிவிட்டது. வெட்டிய அன்றைக்கே இரண்டு முகத்திலும் மிச்சமீதி பெயின்டையோ உருக்கிய மெழுகையோ தடிப்பாகப் பூசியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. மாமரத்துக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். ஒரு வாரம் தாமதித்தால் உள்ளே நீலக்கறுப்பாகப் பூஞ்சைக் கறை ஏறிவிடும். தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் மாதத்தைப் பார்க்கிறேன்: அக்னி நட்சத்திரத்தில் வெட்டுவதில்லை.

இரண்டாவது, ஆணி. மில்லில் தடியை இறக்கியதும் அறுக்கிறவர் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

“வீட்டு மரமா தம்பி?”

“ஆமாண்ணே.”

“வீட்டு மரம்னா இரும்பு இருக்கும். பல்லு போச்சுன்னா அந்தக் காசு உங்களோடது. சரியா?”

இருக்கவே இருக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மூன்றாவது ஓட்டத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம், பொறி பறந்தது. எங்கள் அப்பத்தா சின்ன வயதில் ஆடிய ஊஞ்சலின் கொக்கி, பட்டையிலிருந்து 4 அங்குலம் உள்ளே. மரம் வெளிப்பக்கமாகத்தான் பருக்கும். அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நின்று உள்ளே புதைந்துபோகும். கொடிக்கயிறு, ஆடு கட்டிய முளை, விளம்பரத் தகடு, வேலிக்கம்பி, எல்லாம் இந்தக் கணக்குதான். முனியையும் பேயையும் இறக்கி வைத்த புளியமரம் என்றால் கேட்கவே வேண்டாம், எத்தனை ஆணி என்று முனிக்குத்தான் தெரியும். இரும்பும் மரச்சாறும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை ஓடும், வெட்டுமுகத்தில் அப்படி ஒரு திட்டு தெரிந்தால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். என் தடியிலும் அந்தத் திட்டு இருந்தது. நான்தான் வைரம், அதாவது முற்றி இறுகிய மரம், என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது உலோகம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். இடித்த வீட்டு பர்மா தேக்கு வாங்கினாலும் அதை ஓட்டாமல் இழைப்பதில்லை. உத்திரத்திலும் நிலையிலும் தலை ஒடிந்த ஆணிகள் நிறைய. ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையும் உளியின் முனையைத் தின்றுவிடும்.

அறுக்கச் சொல்லும்போது நடக்கும் தப்பு வேறு. தடியின் நட்டநடுப் புள்ளி எந்தப் பலகையில் வருகிறதோ அந்தப் பலகை நிச்சயம் வெடிக்கும். அதனால் நடுவில் ஒரு பலகையை 2 அங்குலத் தடிப்பில் எடுத்து, அதை மட்டும் பலி கொடுத்துவிட்டு, மற்றதைக் காப்பாற்ற வேண்டும். பனை மட்டும் இதற்கு நேர்மாறு: வைரம் வெளிப்பக்கம், நடுவில் வெறும் சோறு. அடுத்தது தடிப்பு. இழைத்தபின் 1 அங்குலம் வேண்டுமானால் 1¼ அங்குலமாவது அறுக்க வேண்டும், காயும்போது சுருங்குவதும் கோணுவதும் அந்தக் கால் அங்குலத்தில்தான் சரியாகும். செயின்சாவில் மாட்டும் சட்டம் வாங்கி வீட்டிலேயே அறுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மில் பட்டை ரம்பம் ஒரு ஓட்டத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் தூளாக்கும். செயின்சா 8, 9 மில்லிமீட்டர். பத்து ஓட்டத்தில் 3 அங்குலத்துக்கு மேல் தூளாகப் போகும். மில் எட்டாத தோப்பில் கிடக்கும் பெரிய தடிக்கு அது சரி. அதற்கும் நீளவாக்கில் அறுக்கத் தனியாகத் தீட்டிய செயின் வேண்டும்.

அறுத்த பலகையை மொட்டைமாடியில் பரப்பியதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அப்பளம் காயவைப்பது மாதிரி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எல்லாம் கிண்ணமாக வளைந்துவிட்டன. தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “பொரிச்சு எடுத்துட்டீங்களே தம்பி” என்றார். கீழே இறக்கி அடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில், வெயிலும் சாரலும் படாமல் காற்று மட்டும் ஓடுகிற இடம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு பலகைக்கு நடுவிலும் காய்ந்த 1 அங்குல ரீப்பர் குச்சி, ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பாரம் அந்த இடத்தில் பலகையை வளைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கனம். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த பழைய ஆத்தங்குடிக் கல் ஐம்பதும் அதற்குத்தான் பயன்பட்டது.

எப்போது காயும்? அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். நான் அதை நம்பாமல் தராசை நம்புகிறேன். அடுக்கில் ஒரு பலகையை எளிதாக உருவ வருகிற மாதிரி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை கொக்கித் தராசில் தொங்கவிட்டு, எடையையும் தேதியையும் அந்தப் பலகையிலேயே சாக்பீஸால் எழுதுவேன். அடுத்து அறுத்த ஒரு வேப்பம்பலகை மாசியில் 14 கிலோ, ஆவணியில் 9½. அதன்பிறகு இரண்டு மாதம் எழுதியதையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. எடை நின்றுவிட்டால் அந்த இடத்தின் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது.

மா, வாகை, புளியின் வெளிர்ப் பகுதியில் உளுப்பு விழும், அதாவது பூச்சி துளைத்து மரத்தைத் தூளாக்கும். தூள் கொட்டிய பிறகு மருந்து தேடுவதில் பயனில்லை. பலகை பச்சையாக இருக்கும்போதே வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் ஈரத்தோடு ஈரமாக உள்ளே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் ஊரணியிலும் கண்மாயிலும் மாதக்கணக்கில் மரத்தை ஊறப்போட்டார்கள். உளுப்பூச்சிக்கு இரையான மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விடும்.

தேக்கு, சந்தனம், ஈட்டி எதுவானாலும் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையில் கேட்காமல் கோடரி வைக்காதீர்கள். கிரைண்டர் மெஷினில் மரம் அறுக்கும் பல் வட்டை மாட்டி, வட்டை மூடும் பாதுகாப்புக் கார்டையும் கழற்றிவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு வேலை செய்கிற வீரர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறேன். அந்த வட்டு அந்த மெஷினுக்கே வேண்டாம். முகக்கவசமும் கட்டாயம், மரத்தூள் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்று என்பது உறுதியானது. வேம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மூக்கு உடனே சொல்லிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, என் முதல் மேஜை ஐந்தாவது மாதம் நடுவில் பிளந்தது. நன்றாகக் காய்ந்த பலகைதான். மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு, நாலு பக்கமும் திருகாணி இறுக்கியிருந்தேன். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பச்சையிலிருந்து காய்வதற்குள் 12 அங்குலப் பலகை கால் முதல் அரை அங்குலம் வரை சுருங்கும். காய்ந்த பிறகும் கொஞ்சம் விளையாட்டு மிச்சமிருக்கும். இப்போது சட்டத்தில் திருகாணித் துளையை நீள்வட்டமாகக் குடைகிறேன், பலகை நகர இடம் இருக்க. இதை நான் புத்தகத்தில் தேடியிருக்கவே வேண்டாம். எங்கள் முகப்புக் கதவில் சட்டத்தில் குடைந்த பள்ளமான காடிக்குள் பலகை பசையும் ஆணியும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சித்திரையில் பார்த்தால் பலகையின் ஓரத்தில் வார்னிஷ் படாத வெளிர்க்கோடு ஒன்று நூல் மாதிரி தெரியும். ஐப்பசி மழை பிடித்து நாலு நாளானால் அந்தக் கோடு காடிக்குள் போய்விடும்.