ஊட்டி ரயில் பழக்கத்தோடு வெளிநாட்டு ரயிலில் ஏறாதீர்கள்

குன்னூர்க்காரர்களுக்கு ரயில் விஷயத்தில் கொஞ்சம் மிதப்பு உண்டு, எனக்கும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் அசராமல் உட்காருகிறவனுக்கு எந்த நாட்டு ரயில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்போம். பொறுமை கைகொடுக்கும், சரி. ஆனால் டிக்கெட், மூட்டை, சாப்பாடு, அடுத்த வண்டி என்று நம் வழக்கங்களை அப்படியே அங்கே கொண்டுபோனால் அடிவாங்க வேண்டியதுதான்.

முதலில் டிக்கெட். இங்கே கன்ஃபர்ம் ஆனால் பெட்டி, பெர்த் நம்பர் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஜெர்மனியில் ஐசிஇ என்ற அதிவேக வண்டிக்கு டிக்கெட் எடுத்தால் ஏறலாம், அவ்வளவுதான். சீட்டைத் தனியாகக் காசு கொடுத்து ரிசர்வ் செய்ய வேண்டும். செய்யாதவர்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே இருக்கும் சின்னத் திரையைப் பாருங்கள். இரண்டு ஊர்ப் பெயர் ஓடினால் அந்த இரண்டு ஊருக்கு நடுவில் மட்டும்தான் அது இன்னொருவருடையது, அதற்கு முன்னாலோ பின்னாலோ நீங்கள் தாராளமாக உட்காரலாம். இது தெரியாமல் காலி சீட்டுக்குப் பக்கத்திலேயே சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதும் முக்கியம். பெர்லினிலிருந்து வரும் சில வண்டிகள் ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரிந்து பாதி ஒரு பக்கமும் பாதி வேறு பக்கமும் போகும். நம் ஊரில் வழியில் கழற்றி வேறு வண்டியில் மாட்டும் லிங்க் பெட்டியில் மாறி ஏறி முழித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சுவிட்சர்லாந்தில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். பாஸ் கையில் இருக்கிறதே என்று கிளேசியர் எக்ஸ்பிரஸில் போய் ஏற முடியாது, சீட் ரிசர்வேஷனுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது கட்டாயமும்கூட. பெயரில்தான் எக்ஸ்பிரஸ், செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போக கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். ஆனால் நீலகிரிக்காரர்கள் போனால் உறவுக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். நம் கல்லாறு–குன்னூர் பாதையில் இருப்பதுபோலவே அங்கேயும் செங்குத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான ஆப்ட் முறைப் பல்சட்டம் ஓடுகிறது, நம் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் முதலில் வந்ததும் அந்த நாட்டு விண்டர்தூரிலிருந்துதான். அப்புறம் ஒரு சின்னப் பெருமை: அந்த வண்டி ஏறும் மிக உயரமான ஓபர்ஆல்ப் கணவாய் 2,033 மீட்டர், நம் ஊட்டி ஸ்டேஷன் 2,200 மீட்டர்.

ஜப்பானில் மூட்டைதான் வம்பு. இங்கே சீட்டுக்கு அடியில் தள்ளி சங்கிலி போட்டுவிட்டுத் தூங்குவோம். டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் நம் சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கென்று இருக்கும் சீட்டை முன்பே எடுக்க வேண்டும், இல்லையென்றால் 1,000 யென் போகும். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது, அதனால் பழைய கணக்கை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்; இரண்டு மூன்று ஊர்தான் என்றால் தனித்தனி டிக்கெட்டே பல சமயம் மலிவு. டீ, காபி நம் இருக்கையைத் தேடி வரும் என்றும் உட்கார்ந்திருக்க வேண்டாம். டோக்கியோ–ஒசாகா பாதையில் சாதாரண வகுப்பில் தள்ளுவண்டி விற்பனை 2023-லேயே நின்றுவிட்டது. ஸ்டேஷனிலேயே எகிபென் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், அதைப் பிரித்துச் சாப்பிடுவதே பாதி சுகம்.

ரஷ்யாவில் மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் 9,289 கிலோமீட்டர், ஒரு வாரப் பயணம். சாப்பாட்டு மூட்டையை நினைத்து இங்கேயே பயந்துவிடுகிறார்கள், தேவையில்லை. பெட்டிக்குப் பெட்டி சமோவார் என்ற வெந்நீர்க் கொதிகலன் உண்டு, வெந்நீர் எந்நேரமும் இலவசம், நம் கோத்தகிரி டீத்தூள் ஒரு பொட்டலம் இருந்தால் போதும். டிக்கெட்டில் எல்லாம் மாஸ்கோ நேரம்தான் இருக்கும் என்று பழைய ஆலோசனைகள் இன்னும் சுற்றுகின்றன. 2018 ஆகஸ்டிலிருந்து அந்தந்த ஊர் நேரம்தான் போடுகிறார்கள். பழையதை நம்பி மணி கணக்குப் போட்டால் வண்டி போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மாட்டுவது அடுத்த வண்டியை நெருக்கிப் பிடிப்பதில். கனடாவில் டொரான்டோ–வான்கூவர் வண்டி நான்கு இரவு ஓடுகிறது, ஆனால் பாதையில் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனியுடையது. கூட்ஸ் வந்தால் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்கும். அமெரிக்காவில் ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் நெடுந்தூர வண்டிகளுக்கும் இதே கதிதான். அப்படிப்பட்ட வண்டியில் காலையில் இறங்கி மதியம் விமானம் ஏறுவதாகத் திட்டம் போடுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். இங்கேயும் அப்படித்தான், ஐப்பசி கார்த்திகை மழையில் பாறை உருண்டு பாதை அடைபட்டால் மலை ரயில் சட்டென்று ரத்தாகும். சாயங்காலம் ரயிலில் இறங்கி மேட்டுப்பாளையத்தில் சென்னை வண்டியைப் பிடிப்பதாக இருந்தால் காலையிலேயே விசாரித்துவிடுங்கள், ஓடவில்லை என்றால் மதியமே பஸ் ஏறிவிடலாம்.