பழைய முயல் கூண்டைக் கோழிக்கு மாற்ற

4 அடிக்கு 2 அடி கூண்டு என்றால் இரண்டு நாட்டுக்கோழிகள், அதுவும் இரவு அடைய மட்டும். பகலில் மேயவிட வேண்டும்.

முக்கியமான வேலை தரைதான். முயலுக்குப் போட்ட கம்பிவலையிலேயே கோழி நின்றால் பாதத்தில் புண்ணாகிச் சீழ் கட்டும். வலைமேல் பிளைவுட் பதித்து 2 அங்குலம் உமி பரப்புங்கள்.

கோழி ஏறி அடைய, 8 அங்குல உயரத்தில், 2 அங்குல அகலச் சட்டம் ஒன்றை விளிம்பு மழுக்கிப் பொருத்துங்கள். முட்டைப் பெட்டி ஓரடிச் சதுரம். சட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயர்ந்தால் அதிலேயே அடைந்து எச்சமிடும்.

பக்கவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் மாற்றிவிடுங்கள், பாம்பு நுழையும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போடுங்கள். மர இடுக்கில் உண்ணி ஒளிந்திருக்கலாம். இதற்கெல்லாம் முன்பே கொதிநீர் ஊற்றி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.